வெள்ளைச் சட்டைக்கு அடியில் எழுத்து

எங்கள் தையல் கடைக்கும் பக்கத்து ஸ்டூடியோவுக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் பலகை, அவ்வளவுதான். ஒரே அறையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்கு விட்ட கட்டிடக்காரன் சுவர் எழுப்பச் சோம்பல்பட்டு அடித்த பலகை. இந்தப் பக்கம் என் மெஷின், அந்தப் பக்கம் அவர்களுடைய டார்க் ரூம். அங்கே யாராவது தும்மினால் இங்கே என் ஊசி நூல் ஆடும்.

என் மெஷின் ஓடுகிறவரைக்கும் அவர்கள் தாராளமாகப் பேசுவார்கள். நின்றால் பேச்சும் நின்றுவிடும். "என்ன டைலரம்மா, துணி தீர்ந்துபோச்சா?" என்று ஸ்டூடியோக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். அந்த மனுஷருக்கு எதிலும் சந்தேகம்தான். டீ கொஞ்சம் ஆறி வந்தால் வழியில் யாரிடம் நின்று பேசிவிட்டு வந்தாய் என்பார். அதனால் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் துணி இல்லாமலே மெஷினை மிதிக்கப் பழகிக்கொண்டேன். பக்கத்தில் நடக்கிற சண்டையைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு நான் ஒன்றும் சந்நியாசி இல்லை.

அந்தக் கடையில் மூன்று பேர். ஸ்டூடியோக்காரர், அவர் மனைவி, அவளுடைய தம்பி. மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பெரியவள், எனக்குத் தெரிந்து யாரைப் பற்றியும் இல்லாததைப் பேசாத ஒரே ஆள். தம்பிக்கு ஊரில் ஃபிளாஷ் என்று பேர். வெளி வேலைக்கெல்லாம் பெரிய ஃபிளாஷ் விளக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவதால் வந்த பேர். மூன்று பேரும் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே குழாய், ஒரே வாசல்.

எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கடையில் உட்கார வைத்து எடுப்பதும் கல்யாணமும் ஸ்டூடியோக்காரர் பொறுப்பு. மற்ற வெளி வேலை ஃபிளாஷ். இரண்டு பேர் எடுத்த ஃபிலிமையும் கழுவுவது அக்கா. கழுவுவது என்றால் சும்மா தண்ணீரில் அலசுவது என்று நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லையாம். கும்மிருட்டில் ரோலைப் பிரித்து டேங்குக்குள் சுற்ற வேண்டும், படத்தை வரவழைக்கிற டெவலப்பரை ஊற்றி டைம்பீஸில் அலாரம் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மணி அடித்ததும் கொட்டிவிட்டு, வந்த படம் நிலைக்க ஹைப்போ ஊற்ற வேண்டும், அப்புறம்தான் தண்ணீர். டெவலப்பரில் நேரம் குறைந்தால் படம் வெளிறிப்போகும். கூடினால் கருத்துப்போகும். வெயில் காலத்தில் தானாகவே சீக்கிரம் கருக்கும். அதனால் அக்கா மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்து, ஒரு பேசினில் போட்டு, அதற்குள் மருந்துப் பாட்டிலை உட்கார வைப்பாள். அவள் கையில் எப்போதும் ஹைப்போ வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடிக்கும். அந்தக் கையோடு எனக்கு வெங்காயம் போட்டு முட்டை பொரித்துக் கொண்டுவந்து தருவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவேன். ருசியாகத்தான் இருக்கும்.

காய்ந்த நெகட்டிவ் தேறியதா என்று அவரவர் ரோலை அவரவரே பார்த்துக்கொள்வார்கள். ஸ்டூடியோக்காரர் பார்ப்பது இருக்கிறதே, அது ஒரு கச்சேரி. வாசல் பக்கத்து மேஜையில் செய்தித்தாளை விரிப்பார், சின்ன விளம்பரங்கள் போடும் பக்கமாகப் பார்த்து. அதன் மேல் நெகட்டிவை வைப்பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை கரேலென்று இருக்கும். அந்தக் கருப்புக்கு அடியில் செய்தித்தாளின் பொடி எழுத்து லேசாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் சரியாகக் கழுவியிருக்கிறது என்று அர்த்தம். தெரியவே இல்லை என்றால் அதிகமாகக் கழுவிவிட்டார்கள். கண்ணாடி போலத் தெரிந்தால் கழுவியது போதாது.

"நிழல் கேமராக்காரன் பொறுப்பு, வெள்ளை கழுவுறவ பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே மூக்கு மேஜையில் முட்டுகிற அளவுக்குக் குனிவார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். கண்ணு ஏமாத்தும் டைலரம்மா, எழுத்து ஏமாத்தாது என்றார். அந்தத் தெனாவட்டைப் பார்த்து நானும் அசந்துதான் போனேன்.

தகராறு அந்த வருஷத்து வெயிலோடு ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கே தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஒரு நாள் அவர் குனிந்து பார்த்துவிட்டு, அதிகமாகக் கழுவியிருக்கிறாய் என்றார். அக்கா இல்லை என்றாள். எழுத்தே தெரியவில்லை என்றார். சரி, வெயிலாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அடுத்த ரோலிலும் அதே பேச்சு. மருந்து விற்கிறவன் கலப்படம் செய்கிறான் என்று அவனிடம் சண்டைக்குப் போனார். பிறகு தண்ணீரைச் சந்தேகப்பட்டார். பிறகு ஐஸ் கொடுத்த மீன்காரனை. டைம்பீஸ் மெதுவாக ஓடுகிறது என்று அதைக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கக் கொடுத்தார். கடிகாரக்காரன் ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்ததும் அவனும் சந்தேகத்துக்குள் வந்தான்.

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு முடித்த பிறகு பாக்கி இருந்தது வீடு.

இனிமேல் என் ரோலுக்கு ஒரு நிமிஷம் குறைத்துக் கழுவு என்று அக்காவிடம் சொன்னார். அவள் நெகட்டிவை எடுத்துச் செய்தித்தாளில் வைத்துப் பார்க்கிற சரசரப்புக் கேட்டது. நான் வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். சரி என்றாள். அடுத்த வாரம் இன்னொரு நிமிஷம் குறை என்றார். அதற்கும் சரி என்றாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அக்கா வாயில்லாப் பூச்சி இல்லை. நியாயம் தன் பக்கம் என்றால் அரை அங்குலம் நகர மாட்டாள். அவளா இப்படித் தலையாட்டுகிறாள் என்று இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் காதில் விழுந்தது. அடுத்த தெருவில் பூட்டிக் கிடந்த கடை ஒன்றை ஃபிளாஷ் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நானே கண்ணால் கண்டேன். பட்டன் வாங்கப் போனபோது ஷட்டரைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் காற்று வாங்க வந்தேன் என்றான். வெந்து புழுங்குகிற ஷட்டருக்குள் என்ன காற்று? எனக்கும் பொறி தட்டியது. அக்கா கழுவுகிறாள். மாமாவின் படங்கள் கெடுகின்றன. தம்பியின் படங்களை ஊரே மெச்சுகிறது. தம்பி தனிக்கடை பார்க்கிறான். கூட்டிப் பார்த்தால் எப்படி இருக்கிறது? நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டிய கடையின் சொந்தக்காரரே ஸ்டூடியோவுக்கு வந்து, உங்க மச்சான் தனியா ஆரம்பிக்கிறாராமே, நல்ல விஷயம் என்று வாழ்த்திவிட்டுப் போனார். அன்றைக்கு ஸ்டூடியோக்காரர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அப்புறம் அந்தக் கல்யாணப் படம் வந்தது. வந்தது என்ன, திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா பெரிய உறையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நான் அளவெடுக்கிற சாக்கில் என் வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. ஒவ்வொரு படமாக எடுத்து மேஜையில் வைத்தார். பெண், மாப்பிள்ளை, சொந்தக்காரர்கள் எல்லோரும் அடுப்புச் சாம்பல் மேலே கொட்டிய மாதிரி நின்றார்கள். வெள்ளை வெள்ளையாக இல்லை, கறுப்பு கறுப்பாக இல்லை. இதை மறுபடி எடுக்க முடியுமா சார் என்று கேட்டார். பெண் புருஷனோடு கப்பல் ஏறிப் போய்விட்டாளாம். அவள் அம்மா தினமும் படம் எங்கே படம் எங்கே என்று கேட்கிறாளாம். இதை எப்படிக் காட்டுவது என்றார். போகும்போது, தவறாக நினைக்காதீர்கள், அடுத்த விசேஷத்துக்கு உங்கள் மச்சானை அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அது போய் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

அன்று முதல் ஸ்டூடியோக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தார். அக்கா டார்க் ரூமுக்குள் போனால் அவர் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே பார்க்க முடியாது, கதவைத் திறந்தால் ஃபிலிம் போய்விடும். அதனால் காதை வைத்தே வேவு பார்த்தார். டெவலப்பர் ஊற்றுகிற சத்தத்திலிருந்து அலாரம் அடிக்கிறவரை தன் கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்து, டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் எண்ண ஆரம்பித்துவிட்டேன், என்ன செய்வது, தொற்று வியாதி மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு ரோல் கழுவினாள் அக்கா. முதலாவது அவருடையது. மணி சீக்கிரம் அடித்தது. இரண்டாவது தம்பியுடையது. மணி அடிக்கவே இல்லை, அடிக்கவே இல்லை, கடைசியில் அடித்தது. 

அவள் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என் ரோலுக்கு ஒரு நேரம், உன் தம்பி ரோலுக்கு ஒரு நேரமா?"

"உங்க ரோலுக்கு நீங்க சொன்ன நேரம். அவன் ரோலுக்கு அவன் சொன்ன நேரம்."

 சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் உண்மை சொல்கிற மாதிரி இல்லை, சவால் விடுகிற மாதிரி இருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருஷம் என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே குழி பறிக்கிறீர்கள், அக்காவும் தம்பியும் சேர்ந்து என் பேரைக் கெடுத்து என் வாடிக்கையை அடுத்த தெருவுக்குக் கொண்டு போகப் பார்க்கிறீர்கள் என்றார். அக்கா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் டார்க் ரூமைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனிமேல் நீ இந்தக் கதவைத் தொடாதே என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தொட்ட கதவு அது.

அன்று என் கடைக்கு வந்து அக்கா நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குத்திக் குத்திக் கேட்டேன். உண்மையைச் சொல், உன் தம்பிக்காகச் செய்தாயா என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நீயுமா என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ரவிக்கைக்குக் கொக்கி வைக்க மறந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் மனசில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் பிடி கொடுக்க மாட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. சந்தேகமும் தீரவில்லை.

மறுநாள் மத்தியானம் பஞ்சாயத்து. தெருவில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் வெயிலுக்குப் பயந்து உள்ளே முடங்கிக் கிடந்தார்கள். ஸ்டூடியோக்காரர் பலகையைத் தட்டி, டைலரம்மா கொஞ்சம் வா என்று கூப்பிட்டார். மூணாவது மனுஷி ஒருத்தர் இருக்கட்டும், நாளைக்கு என் மேல் பழி வரக் கூடாது என்றார். நான் ஊசியைத் தலைப்பில் குத்திக்கொண்டு ஓடினேன்.

மேஜையில் செய்தித்தாள் விரித்திருந்தது. பக்கத்தில் நெகட்டிவ் உறைகள். சுவரோரமாக அக்கா நின்றாள். ஃபிளாஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேஜைக்கு எதிரே நின்றான். காலுக்குப் பக்கத்தில் அவன் பெட்டி. துணிமணி எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. பெட்டியைக் கட்டச் சொன்னது மாமாதான் என்று அப்புறம் தெரிந்தது.

ஸ்டூடியோக்காரர் விஷயத்தை எடுத்து வைத்தார். இந்த ரோல் கல்யாண ரோல். குறைத்துக் கழுவு என்று இரண்டு தடவை சொன்னேன், அப்படியும் கருக்கக் கழுவியிருக்கிறாள். எழுத்துத் தெரிகிறதா இல்லையா, எல்லோரும் பார்க்கட்டும். தெரிந்தால் நான் மன்னிப்புக் கேட்கிறேன். தெரியவில்லை என்றால் மச்சான் இப்போதே பெட்டியை எடுக்கட்டும். அக்காவைக் காட்டி, இவளுக்கும் போக வேண்டும் என்று இருந்தால் கூடவே போகட்டும் என்றார். கடைசி வார்த்தை சொல்லும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

"மாமா, கடை பார்த்தது நிஜம்தான்" என்றான் ஃபிளாஷ். "உங்க வாடிக்கையைப் பிடிக்க இல்ல. தினம் தினம் இந்தப் பேச்சு வாங்க முடியல, அதான்."

"அதை அப்புறம் பேசுவோம். முதல்ல இதைப் பாரு."

அவர் கல்யாண நெகட்டிவை வைத்துக் குனிந்தார். எப்போதும் போல மூக்கு மேஜையில் முட்ட. பார்த்தார், பார்த்தார். நிமிர்ந்து, ஒரு எழுத்துத் தெரியவில்லை என்றார். ஃபிளாஷ் குனிந்தான். மாப்பிள்ளையின் சட்டைக்கு அடியில் விரலை வைத்து, பழைய சைக்கிள் விற்பனைக்கு, நேரில் வரவும் என்று கடகடவென்று படித்தான். மாமா, இது கருத்ததே இல்லை, வெளுத்துப்போனது, எழுத்து பளிச்சென்று தெரிகிறது, அதனால்தான் படம் சாம்பலாக வந்தது, கருத்திருந்தால் சாம்பலாக வராது என்றான்.

அது எனக்கும் உறைத்தது. ஒரே நெகட்டிவ் எப்படி அதிகமாகவும் குறைவாகவும் கழுவியதாக இருக்கும்?

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். காலையிலேயே இந்தப் பக்கத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்ப என்றார். பக்கத்தைத் திருப்பினார். என்னைப் படிக்கச் சொன்னார். நான் குனிந்தேன். அந்தக் கருப்பு ஒரு கருப்பே இல்லை, என் முந்தானை இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கும். காணவில்லை, மாநிறம், இடது கையில் மச்சம் என்று படித்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீ அவ கூட்டாளி, முட்டை பொரிச்சுத் தின்னவதானே என்றார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல மூணாவது மனுஷியைக் கூப்பிட்டு வந்தார்.

ஃபிளாஷ் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கையை மடிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு உறைகளைக் கிளறி, தன்னுடைய ரோல் ஒன்றிலிருந்து வாலைக் கத்தரித்து எடுத்தான். ரோல் முடிவில் படமே எடுக்காமல் மிச்சம் இருக்குமே, அந்தத் துண்டு. கழுவின பிறகு அதில் ஒன்றுமே இருக்காது, சும்மா கண்ணாடிக் காகிதம் மாதிரி இருக்கும். எதிரே நின்ற எனக்கு அதன் வழியாக மேஜை மரத்தின் ரேகைகூடத் தெரிந்தது.

அக்கா சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். வேணாம்டா என்று சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

"மாமா, கல்யாணத்துலயே இன்னொண்ணு. இதைப் பார்த்துச் சொல்லுங்க. இதுலயும் தெரியலன்னா நான் கிளம்பிடறேன்."

அவர் குனிந்தார். வெளியே ஒரு வண்டி போயிற்று. அவர் காகிதத்தைக் கொஞ்சம் இப்படி நகர்த்தினார், கொஞ்சம் அப்படி நகர்த்தினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றதை மூடிப் பார்த்தார்.

"இதுவும் அப்படித்தான். இது இன்னும் மோசம். ஒரே கருப்பு."

 வெறும் ஃபிலிம். அதற்கு அடியில் பெரிய எழுத்தில் ஒரு சோப்பு விளம்பரம். ஃபிளாஷ் மேஜையைப் பிடித்துக்கொண்டான். ஜெயித்துவிட்டான், ஆனால் ஜெயித்தவன் முகமா அது. மாமா என்று ஆரம்பித்தான்.

அவனை முடிக்க விடாமல் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஆமாங்க. அதிகமாத்தான் கழுவிட்டேன். என் தப்புதான்."

 இப்போதுதானே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேரும் தம்பி பேரும் சுத்தமாகிவிடும், சாவி கைக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டுப் பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, பேசாதே என்று கண்ணால் அடக்கினாள். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் ஆடவே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அந்த மனுஷர் விடவில்லை. இத்தனை வாரமாக ஒரு தடவைகூட ஆமாம் என்று சொல்லாதவள் இப்போது சொல்கிறாளே என்று அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு எங்கள் பக்கம்.  மேஜையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார், விரலால் தடவினார். ஜன்னலுக்குப் போய், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

எழுத்துத் தெரியாவிட்டாலும் வெளிச்சம் தெரியுமே. முழு வெயிலும் தடங்கல் இல்லாமல் அவர் முகத்தில் விழுந்தது. கருப்பு ஒரு பொட்டுகூட இல்லை. அப்படியே நின்றார். கையை இறக்கவே இல்லை. அவருக்காக எனக்கு அழுகை வந்தது, இத்தனை நாள் அந்த மனுஷரைத் திட்டாத திட்டில்லை, இருந்தாலும் வந்தது.

"இது வெறும் வால்" என்றார்.

துண்டை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார்.

"நீ ஏன் ஆமான்னு சொன்ன?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பலருந்து தெரியும் உனக்கு?"

"நிமிஷத்தைக் குறைக்கச் சொன்னீங்களே, அப்பவே."

"தெரிஞ்சுமா குறைச்ச? அந்தப் பொண்ணோட கல்யாணம் மொத்தமும் போச்சே."

"போச்சுதான்" என்றாள் அக்கா. "நினைச்சா எனக்கும் வயிறு எரியுது. குறைக்கலன்னா கருப்புன்னு திட்டுவீங்க. உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"மாட்டேன்" என்றார். "என்னைக் குருடாக்கிக் கடையைப் புடுங்கப் பார்க்கறன்னு சொல்லியிருப்பேன்."

ஃபிளாஷ் தன் பெட்டியைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டான். நான் கிளம்பிவிடலாம் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை, சும்மா நின்றாள். அவர் கையிலிருந்த துண்டை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"எந்தக் கண்ணு?" என்று கேட்டாள்.

 ஏன் கேட்கிறாய், யார் கேட்கச் சொன்னது என்று ஆரம்பிப்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"ரெண்டும்" என்றார்.